கைப்பிடி தாழ்ந்த கதை

மோட்டார் சைக்கிளில் ஒருவன் எப்படி உட்கார்ந்திருக்கிறான் என்பதைப் பார்த்தே அவன் நாட்டுச் சாலையைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியும் ஓரளவு ஊகித்துவிடலாம். கைப்பிடி உயர்ந்து, கால்கள் முன்னால் நீண்டு, முதுகு சற்றே பின்சாய்ந்திருந்தால் அது அமெரிக்காவின் நேர்ச்சாலைக்குப் பிறந்த வண்டி. கைப்பிடி தாழ்ந்து, பாதங்கள் இடுப்புக்குக் கீழே மடங்கி, உடல் முன்னால் சாய்ந்திருந்தால் அது ஐரோப்பாவின் வளைவுகளுக்கும் வேகத்துக்கும் பிறந்தது. முன்னதை இன்று க்ரூசர் என்கிறோம். பின்னதில் பந்தய வண்டியின் முழுக் குனிவைத் தளர்த்தி, நெடும்பயணத்துக்கு இசைவாகக் காற்றுத் தடுப்பும் பெட்டிகளும் சேர்த்தால் கிடைப்பது ஸ்போர்ட் டூரர். கைப்பிடியின் உயரத்தில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் ஒரு சாண்தான். அந்த ஒரு சாணுக்குள் ஒரு நூற்றாண்டின் வரலாறு அடங்கியிருக்கிறது.

நடுவயதை எட்டிய ஓட்டிகள் பலர் க்ரூசரை விற்றுவிட்டு ஸ்போர்ட் டூரருக்கு மாறுவதைக் காண்கிறோம். முதுகு வலி, வளைவுகளில் ஆசை, தூரத்தின் மேல் ஏற்பட்ட புதிய பசி என்று காரணங்கள் சொல்வார்கள். அவரவர் சொந்த விருப்பமாகத் தோன்றும் இந்த மாற்றத்தை இரண்டு பெரிய நிறுவனங்கள் எதிரெதிர்த் திசையிலிருந்து முயன்று பார்த்தன, இரண்டும் பாதி வழியில் நின்றன. இக்கட்டுரை பெரும்பாலும் அந்தக் கதையைப் பற்றியது.

உட்காரும் முறை குறித்த சண்டை மோட்டாருக்கு முந்தியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் டாட் ஸ்லோன் என்ற அமெரிக்கக் குதிரைப் பந்தய வீரர் இங்கிலாந்துக்குப் போய், அங்கவடியைக் குறுக்கிக்கொண்டு குதிரையின் கழுத்தோடு குனிந்து ஓட்டினார். நிமிர்ந்து உட்கார்வதையே கண்ணியம் என்று நம்பிய ஆங்கிலேயர்கள் அவரைக் குச்சியில் ஏறிய குரங்கு என்று கேலி செய்தார்கள். அவர் வென்றுகொண்டே இருந்தார். சில ஆண்டுகளில் எல்லோரும் குனிந்துவிட்டார்கள். குதிரையின் மேல் அமெரிக்கன் குனிந்தான், ஆங்கிலேயன் நிமிர்ந்தான். இயந்திரத்தின் மேல் இது தலைகீழாக மாறியதை வரலாற்றின் குறும்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

*

1901-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் இந்தியன் மோட்டார் சைக்கிள்களும் (பெயரைக் கண்டு நாம் பெருமை கொள்ள இடமில்லை, அது அமெரிக்கப் பழங்குடிகளைக் குறித்தது), 1903-இல் மில்வாக்கியில் ஹார்லி-டேவிட்சனும் தோன்றின. அன்றைய அமெரிக்காவில் நகரத்தைத் தாண்டினால் பெரும்பாலும் மண்சாலைதான். மழையில் சேறு, வெயிலில் புழுதி, இரண்டுக்கும் நடுவே வண்டித் தடத்தின் பள்ளங்கள். அந்தச் சாலையில் முன்சக்கரம் துள்ளும்போது அதை அடக்க அகன்ற கைப்பிடி வேண்டும். நெம்புகோலின் நீளம் கூடினால் கையின் வலு கூடும் என்ற எளிய விதிதான். அதிர்ச்சியைத் தாங்கச் சுருள்வில் வைத்த அகன்ற இருக்கை, பாதம் முழுவதையும் ஊன்ற ஒரு பலகை. பின்னாளில் பகட்டு என்று தூற்றப்பட்ட ஒவ்வோர் உறுப்பும் தொடக்கத்தில் தேவையாகவே இருந்தது.

1956-இல் ஐசன்ஹோவர் காலத்துச் சட்டம் 41,000 மைல் மாநிலங்களுக்கிடை நெடுஞ்சாலைக்கு அனுமதி தந்தது. சேறு போய்விட்டது, கைப்பிடி அப்படியே இருந்தது. தேவை மறைந்த பின்னும் வடிவம் நீடித்தால் அதற்குப் புதிய பொருள் ஒன்று வந்து குடியேறிவிடும். இங்கே குடியேறியது சுதந்திரம் என்ற பொருள். 1947 ஜூலையில் கலிபோர்னியாவின் ஹோலிஸ்டர் என்ற சிற்றூரில் மோட்டார் சைக்கிள் கூட்டம் ஒன்று ரகளையில் முடிந்ததும், பீர் புட்டிகளுக்கு நடுவே வண்டியின் மேல் சாய்ந்திருந்த ஒருவனின் படத்தை லைஃப் இதழ் வெளியிட்டதும், 1953-இல் மார்லன் பிராண்டோ நடித்த 'தி வைல்டு ஒன்' வந்ததும் அந்தப் பொருளை உறுதிசெய்தன. (பிராண்டோ அதில் ஓட்டியது அமெரிக்க வண்டியன்று, ஆங்கிலேய டிரையம்ப்.) 1969-இல் 'ஈஸி ரைடர்' வந்தபோது கைப்பிடி தோளை எட்டியிருந்தது, முன்கவை ஆள்நீளத்துக்கு நீண்டிருந்தது. அந்தப் படத்தின் புகழ்பெற்ற வண்டிகளை உருவாக்கியதில் பெரும்பங்கு கிளிஃப் வாஸ், பென் ஹார்டி என்ற இரு கறுப்பர்களுடையது. படத்தின் பெயர்ப்பட்டியலில் அவர்கள் இல்லை. பல பத்தாண்டுகள் கழித்தே அவர்கள் பெயர் வெளியே தெரிந்தது. சுதந்திரத்தின் சின்னமாகக் கொண்டாடப்பட்ட ஒரு பொருளைச் செய்தவர்களுக்கு இது நேர்ந்தது என்பதை நாம் கடந்துபோக முடியவில்லை.

க்ரூசர் அப்போதும் தனியாட்கள் வெட்டியும் ஒட்டியும் செய்த வடிவமாகத்தான் இருந்தது. அதைத் தொழிற்சாலைக்குள் கொண்டுவந்தவர் நிறுவனர் குடும்பத்தின் வாரிசான வில்லி ஜி. டேவிட்சன். 1971-இல் சூப்பர் கிளைடு, 1977-இல் லோ ரைடர். பிற்பாடு ஜப்பானியர்களும் அதே பாணியில் இறங்கினார்கள்.

இங்கே ஒரு சட்டம் குறுக்கிடுகிறது. 1973-இன் எண்ணெய் நெருக்கடியை ஒட்டி, 1974 ஜனவரியில் அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட சட்டம் அமெரிக்கா முழுவதும் உச்ச வேகத்தை மணிக்கு 55 மைலாக்கியது. ஏறத்தாழ 88 கிலோமீட்டர். 1987-இல் சற்றே தளர்த்தப்பட்டு, 1995-இல்தான் அது முற்றிலும் நீக்கப்பட்டது. மணிக்கு 88 கிலோமீட்டரில் நிமிர்ந்து உட்கார்ந்தவனின் மார்பில் படும் காற்று இதமானது. அந்த வேகத்தில் நேர்ச்சாலையில் நாளெல்லாம் போவதற்குச் சாய்வு நாற்காலியைவிடப் பொருத்தமான இருக்கை இல்லை. க்ரூசர் ஒரு தொழிற்சாலைப் பொருளாகச் செழித்த ஆண்டுகள் இந்தச் சட்டத்தின் ஆண்டுகளோடு ஒன்றிப்போவதைத் தற்செயல் என்று மட்டும் சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

அதே எண்ணெய் நெருக்கடி ஜெர்மனியிலும் சட்டம் போட வைத்தது. 1973 நவம்பரில் ஆட்டோபானில் 100 கிலோமீட்டர் வரம்பு வந்தது. ஆனால் அங்கே அது 1974 மார்ச்சிலேயே போய்விட்டது. பிறகு வந்தது 130 கிலோமீட்டர் என்ற பரிந்துரை மட்டும்; கட்டாயம் இல்லை. ஒரே நெருக்கடி, இரண்டு சாலைகள். இரண்டு ஆண்டு கழித்து, 1976 செப்டம்பரில், கொலோன் நகரக் கண்காட்சியில் பி.எம்.டபிள்யூ நிறுவனம் ஆர் 100 ஆர்எஸ் என்ற வண்டியைத் திரை விலக்கிக் காட்டியது.

*

ஆர் 100 ஆர்எஸ் வானத்திலிருந்து குதிக்கவில்லை. இங்கிலாந்தில் 1950களிலேயே பிலிப் வின்சென்ட் தன் புகழ்பெற்ற 1000 சிசி வண்டிகளை முழுவதும் மூடி, கனவான்கள் கோட்டு அழுக்காகாமல் தூரம் போகும் வாகனமாக்க முயன்றார். பிளாக் பிரின்ஸ் என்று பெயர். அதைப் பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள். இயந்திரம் தெரியாத மோட்டார் சைக்கிளா என்றார்கள். 1955-இல் வின்சென்ட் மோட்டார் சைக்கிள் உற்பத்தியையே நிறுத்தியது. பந்தயத் தடத்தில் முன்சக்கரம் வரை மூடிய பீப்பாய் வடிவக் கவசங்கள் பக்கக்காற்றில் ஆபத்தானவை என்று 1957-க்குப் பிறகு தடை செய்யப்பட்டன. லண்டனின் வட வளையச் சாலையில் ஏஸ் கஃபேயைச் சுற்றித் திரிந்த இளைஞர்கள் கைப்பிடியைக் கழற்றி எறிந்து, முன்கவையிலேயே இரு குட்டைக் கம்புகளைப் பொருத்திக் குனிந்து பறந்தார்கள். அவர்கள் போனது அடுத்த கஃபே வரைதான். மாலைக்குள் வீடு திரும்பிவிடுவார்கள். குனிவு இருந்தது, தூரம் இல்லை. வின்சென்டிடம் தூரம் இருந்தது, வாங்க ஆள் இல்லை.

ஹன்ஸ் மூத் என்ற வடிவமைப்பாளர் இரண்டையும் சேர்த்தார். 1973-இல் வந்த ஆர் 90 எஸ் அவர் கைவண்ணம். கைப்பிடிக்கு முன்னால் சிறு கவசம் மட்டும் வைத்த வண்டி. அடுத்த படியாக, இத்தாலியின் டூரினில் பினின்ஃபரினாவின் காற்றுச் சுரங்கத்தில் ஒரு முழுக்கவசத்தைச் செதுக்கினார்கள். தொடர் உற்பத்தியில் முழுக்கவசத்தோடு வந்த முதல் மோட்டார் சைக்கிளாக ஆர் 100 ஆர்எஸ் பரவலாகக் கருதப்படுகிறது. 980 சிசி, 70 குதிரைத்திறன், மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர். இந்த எண்கள் அன்றைய ஜப்பானிய வண்டிகளுக்கு முன்னால் பெரிதல்ல. கவாசாகியின் இசட் 1 அதற்கு முன்பே 80 குதிரைத்திறனைத் தாண்டியிருந்தது. வித்தியாசம், அந்த வேகத்தை எத்தனை மணி நேரம் தாங்கலாம் என்பதில். கவசம் இல்லாத வண்டியில் 160 கிலோமீட்டரில் பத்து நிமிடம் போனாலே கை மரத்துவிடும், கழுத்து பின்னால் இழுபடும். ஆர்எஸ்-இல் ஓட்டுபவன் மியூனிக்கில் காலை உணவு உண்டு, மறுநாள் அல்ல, அன்றே இத்தாலியில் இரவு உணவு உண்ணலாம். கவசம் இன்னொன்றும் செய்தது. அதிவேகத்தில் காற்று முன்சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும்; அந்தத் தூக்கலைக் குறைத்தது.

ஏன் தாழ்ந்த கைப்பிடி? இங்கே கொஞ்சம் நின்று உடலைப் பார்க்க வேண்டும். க்ரூசரில் கால் முன்னால் நீள்வதால் தொடைக்கு வேலையில்லை. உடலின் எடை முழுவதும் முதுகெலும்பின் அடிநுனியில் இறங்குகிறது. சாலையில் ஒரு பள்ளம் வந்தால் எழுந்து கொடுக்கக் காலால் ஆகாது; அடி நேராக முதுகில் ஏறும். காற்றின் வேகம் கூடக்கூட உடல் பாய்மரமாகிறது, கைகள் கயிறாகின்றன. ஓட்டுபவன் கைப்பிடியைப் பிடித்துத் தொங்குகிறான். பிடித்துத் தொங்கும் கையால் நுட்பமாகத் திருப்ப முடியாது. ஸ்போர்ட் டூரரில் பாதம் இடுப்புக்குக் கீழே வருகிறது. பள்ளத்தில் தொடை அரைநொடி எழுந்து கொடுக்கும். முன்சாய்ந்த மார்பைக் காற்றே தாங்கிப் பிடிக்கும். முழங்கால்கள் பெட்ரோல் டாங்கை அணைத்துக்கொள்ள, கை இளகி, திருப்புவதற்கு மட்டும் இருக்கும். நகர வேகத்தில் மணிக்கட்டு நோகும், 100-க்கு மேல் நோவு மறையும். பார்வைக்குச் சுகமான இருக்கை தூரத்தில் நோகிறது, பார்வைக்கு நோகும் இருக்கை தூரத்தில் சுகமாகிறது. மாறிய எவரும் முதல் வாரத்தில் இதை நம்புவதில்லை.

வளைவு மற்றொரு கணக்கு. க்ரூசரின் கால்பலகை தாழ்ந்தது. சற்றே சாய்த்தால் சாலையில் உரசித் தீப்பொறி பறக்கும். முன்கவையின் சரிவு அதிகம், சக்கரங்களுக்கிடையே தூரம் அதிகம், அதனால் நேராகப் போவதில் அசைக்க முடியாத உறுதி, வளைவதில் தயக்கம். இது குற்றமன்று. நேராகப் போவதற்கென்று செய்யப்பட்ட ஒன்று நேராகப் போகிறது.

உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் இதையும் சொல்ல வேண்டும். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981-இல் அறிக்கை வெளியிட்டார். அதில் முக்கால் பங்கு விபத்துகள் வேறொரு வாகனத்தோடு மோதியவை. வேறு வாகனம் சம்பந்தப்படாதவற்றில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டியின் பிழை. அந்தப் பிழைகள் பெரும்பாலும் இரண்டே வகை: அளவுக்கு மீறிப் பிரேக் பிடித்துச் சறுக்குவது; வளைவில் போதுமான அளவு சாய்க்காமல் வெளியே ஓடிவிடுவது. வலப்பக்கம் திரும்ப வலக்கைப்பிடியை முன்னோக்கித் தள்ள வேண்டும் என்ற விசித்திரமான உண்மை (சைக்கிள்காரர்களிடம் இதை விசாரித்து வியந்தவர் விமானம் செய்த வில்பர் ரைட்) பல ஓட்டிகளின் கைக்குத் தெரியவே இல்லை என்று ஹர்ட் கண்டார். வண்டிக்குத் தெரிந்தது ஓட்டிக்குத் தெரியவில்லை. இருக்கையை மாற்றுகிறவன் கையையும் மறுபடி பள்ளிக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. பழைய வண்டியில் பழகிய அளவோடு புது வண்டியின் முதல் வளைவை எடுப்பதும், புது வண்டியின் திறமையைத் தன் திறமை என்று எண்ணிக்கொள்வதும் ஒரே குழியின் இரு கரைகள்.

*

இனி அந்த இரு நிறுவனங்கள்.

ஆர் 100 ஆர்எஸ் தெருவுக்கு வந்த அதே காலத்தில், 1977 மாதிரியாக, ஹார்லி ஒரு வியப்பைச் செய்தது. வில்லி ஜி. டேவிட்சன் எக்ஸ்எல்சிஆர் என்ற கரிய கஃபே ரேசரை வடித்தார். தாழ்ந்த கைப்பிடி, சிறு கவசம், ஒற்றை இருக்கை. லோ ரைடரை வடித்த அதே கை. லோ ரைடர் பறந்தது. எக்ஸ்எல்சிஆர் காட்சியறைகளில் தூங்கியது. சுமார் 3,100 வண்டிகளோடு கதை முடிந்தது. இன்று சேகரிப்பாளர்கள் அதற்குத்தான் அலைகிறார்கள்.

அடுத்த முயற்சி இன்னும் சோகமானது, இன்னும் நல்லது. அந்நாளில் ஹார்லி, ஏஎம்எஃப் என்ற விளையாட்டுப் பொருள் நிறுவனத்தின் கையில் இருந்தது. 'நோவா' என்ற இரகசியப் பெயரில், ஜெர்மனியின் போர்ஷே பொறியாளர்களின் துணையோடு, நீரால் குளிரும் நான்கு சிலிண்டர் இயந்திரம் ஒன்றை உருவாக்கினார்கள். அதற்கென ஒரு கவசமும் செய்யப்பட்டது. 1981-இல் 13 நிர்வாகிகள் கடன் வாங்கி நிறுவனத்தை ஏஎம்எஃப்பிடமிருந்து மீட்டார்கள். கையில் காசில்லை. நோவா கைவிடப்பட்டது, கவசம் மட்டும் மிஞ்சியது. அந்த அநாதைக் கவசத்தை எடுத்து, எரிக் ப்யூயெல் போன்ற பொறியாளர்கள் உழைத்த எஃப்எக்ஸ்ஆர் சட்டகத்தின் மேல் பொருத்தி, பக்கப்பெட்டிகளும் சேர்த்து, 1983-இல் எஃப்எக்ஸ்ஆர்டி ஸ்போர்ட் கிளைடு என்று வெளியிட்டார்கள். மில்வாக்கி செய்த முதல் உண்மையான ஸ்போர்ட் டூரர் இதுதான் என்பது நம் கணிப்பு. ரப்பரில் மிதக்கும் இயந்திரம், உறுதியான சட்டகம், காற்றிலிருந்து காப்பு. ஹார்லி வண்டிகளிலேயே நன்றாக வளைவது இந்தக் குடும்பம்தான் என்று ஓட்டத் தெரிந்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

அதை எவரும் நேசிக்கவில்லை. மறு ஆண்டு, 1984 மாதிரியாக, சாஃப்டெய்ல் வந்தது. பின்சக்கரத்துக்கு அதிர்வுதாங்கி இருக்கும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. பார்ப்பவருக்கு வில் இல்லாத பழங்காலக் கட்டைவண்டி போலவே தோன்றும். முதுகு நோகாமல் முதுகு நோகும் காலத்தின் அழகை அனுபவிக்கலாம்! ஜனங்கள் இதைத்தான் வாங்கினார்கள். 1983-இல் ரீகன் அரசு 700 சிசிக்கு மேற்பட்ட இறக்குமதி மோட்டார் சைக்கிள்களுக்குக் கூடுதலாக 45 சதவீதம் சுங்கம் விதித்தது, ஜப்பானியர்கள் இயந்திரங்களைச் சற்றே சுருக்கி 700-க்குக் கீழே கொண்டுவந்து அதைத் தாண்டினார்கள். ஆயினும் மூச்சு விட நேரம் கிடைத்தது. ஹார்லி பிழைத்தது, பழைமையை விற்றுப் பிழைத்தது. எஃப்எக்ஸ்ஆர்டி 1990களின் தொடக்கத்தில் பட்டியலிலிருந்து மறைந்தது.

எரிக் ப்யூயெல் அதற்குள் வெளியேறித் தம் பெயரிலேயே நிறுவனம் தொடங்கியிருந்தார். 1993-இல் ஹார்லி அதன் 49 சதவீதத்தை வாங்கியது, பிறகு பெரும்பங்கையும் வாங்கியது. ஹார்லியின் இயந்திரத்தை விளையாட்டு வண்டியின் சட்டகத்தில் வைத்து, பயணப்பெட்டிகளோடும் சில மாதிரிகளை அவர் செய்தார். தந்தை வீட்டில் கிடைக்காத இடத்தைத் தனி வீட்டில் தேடிய மகன் போன்ற நிலை. ஹார்லி விற்பனைக் கூடங்களின் மூலையில் ப்யூயெல் வண்டிகள் நின்றன. பொருளாதார வீழ்ச்சியை அடுத்து 2009 அக்டோபரில் ஹார்லி அந்தப் பிரிவை மூடியது.

எதிர்ப்பக்கத்தில் பி.எம்.டபிள்யூ என்ன செய்தது? 1997-இல் ஆர் 1200 சி என்ற க்ரூசரைச் செய்தது. ஸ்போர்ட் டூரரைத் தந்தவர்கள், தங்களிடம் இல்லாத அந்தச் சாய்வு நாற்காலிக்கு ஏங்கினார்கள். அதே ஆண்டு வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில் அது கூரைகளின் மேல் பறந்தது. அவர்களுடைய ஆர் 1100 ஆர்எஸ் 90 குதிரைத்திறன் தந்தது. அதைவிடப் பெரிய இயந்திரத்தை இதில் 61-க்கு அடக்கி வைத்தார்கள். 2004-இல் உற்பத்தி நின்றது. சுமார் 40,000 விற்றது, மோசமில்லை. ஆனால் அமெரிக்கக் க்ரூசர்காரனின் மனம் முழுதாக ஒட்டவில்லை. அதற்கு ஒரு காரணம் வேடிக்கையானது. பி.எம்.டபிள்யூவின் பாக்ஸர் இயந்திரத்தில் இரண்டு சிலிண்டர்களும் இரு பக்கமும் கைகளை விரித்தது போல நீட்டிக்கொண்டிருக்கும். 1923 முதல் அவர்கள் அடையாளம் அதுவே. ஓட்டுபவன் கால் நீட்ட வேண்டிய இடத்தில் சிலிண்டர் நிற்கிறது! ஆகவே க்ரூசராக இருந்தும் கால் நீட்ட முடியாத க்ரூசர். 2020-இல் 1802 சிசியில் ஆர் 18 வந்தபோதும் அதே சங்கடம். பாதங்கள் சிலிண்டருக்குப் பின்னால்தான்.

ஹார்லியின் ஒடுங்கிய, உயர்ந்த, 45 பாகை வி-இயந்திரம் கால் நீட்ட இடம் தந்தது, ஆனால் அதிவேகத்தில் நெடுநேரம் சுழல அதற்கு விருப்பமில்லை. பாக்ஸர் நெடுநேரம் ஓடும், கால் நீட்ட விடாது. மனிதன் நினைத்தபடி உட்கார முடிவதில்லை, இயந்திரம் உட்கார வைத்தபடிதான். (ஹார்லி தன் இயந்திரத்தின் ஒலிக்கே வணிகக் குறி கேட்டு 1994-இல் விண்ணப்பித்து, எதிர்ப்புகள் தொடர 2000-இல் கைவிட்டது. ஒலியை உரிமை கொண்டாட நினைத்த நிறுவனம் இருக்கையை மாற்றத் துணியாததில் வியப்பில்லை.)

*

இலக்கியம் எந்த இருக்கையில் அமர்ந்தது? டி.இ. லாரன்ஸ் வைத்திருந்தது பிரஃப் சுப்பீரியர், மணிக்கு 100 மைலுக்கு உத்தரவாதம் தந்த வண்டி. 1935 மே மாதம் அதிலிருந்து தூக்கி எறியப்பட்டு, ஆறு நாள் கழித்து இறந்தார். அவரைக் கவனித்த நரம்பு அறுவை மருத்துவர்களுள் ஒருவரான ஹ்யூ கெய்ர்ன்ஸ், அந்தச் சாவின் பாதிப்பில் மோட்டார் சைக்கிள் தலைக்காயங்களை ஆராயத் தொடங்கி, 1941-இல் தலைக்கவசத்தின் பயனை நிறுவும் கட்டுரையை வெளியிட்டார். இன்று நாம் அணியும் ஹெல்மெட்டின் வம்சாவளியில் ஒரு எழுத்தாளரின் மரணம் இருக்கிறது.

ராபர்ட் பிர்சிக் 1968 கோடையில் மகன் கிறிஸ்ஸைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மினசோட்டாவிலிருந்து கலிபோர்னியா சென்றது 305 சிசி ஹோண்டாவில். உடன் வந்த நண்பர்கள் பி.எம்.டபிள்யூவில். 1974-இல் வெளிவந்த அவருடைய 'ஜென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்' நூலில் க்ரூசருக்கு இடமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அந்நூலின் புகழ்பெற்ற மனத்தாங்கல் ஒரு கைப்பிடியைப் பற்றியது. நண்பரின் பி.எம்.டபிள்யூ கைப்பிடி தளர்ந்து நழுவுகிறது; பீர் டப்பாவின் தகட்டை வெட்டி இடைச்செருகலாம் என்கிறார் பிர்சிக்; உயர்ந்த ஜெர்மன் வண்டிக்குப் பீர் டப்பாவா என்று நண்பர் முகம் மாறுகிறார். பொருளைப் பொருளாகப் பார்ப்பவனுக்கும் அது எதைக் குறிக்கிறது என்று பார்ப்பவனுக்கும் இடையிலான அந்தப் பிளவுதான் நாம் மேலே பார்த்த கதை முழுவதும் ஓடுகிறது. சாஃப்டெய்ல் வாங்கியவனை எளிதில் நகைக்கலாம். ஆர்எஸ் வாங்கிப் பீர் டப்பாவுக்குக் கூசியவனும் அதே இனம்தான்.

பிர்சிக் காருக்கு எதிராகச் சொன்ன வாதம் ஒன்று ஸ்போர்ட் டூரரையும் தைக்கிறது. காரின் கண்ணாடி காட்சியைச் சட்டகத்துக்குள் அடைத்துவிடுகிறது, மோட்டார் சைக்கிளில் அந்தச் சட்டகம் இல்லை என்பது அவர் மகிழ்ச்சி. ஆர் 100 ஆர்எஸ் அந்தச் சட்டகத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. கவசத்துக்குப் பின்னால் மழை கொஞ்சம், காற்று கொஞ்சம், பூச்சி இல்லை. க்ரூசரில் எண்பதில் போகிறவனுக்கு வெட்டிய புல்லின் மணமும், ஆற்றுப்பாலத்தில் திடீரெனக் குளிரும் காற்றும் கிடைக்கும். நூற்றைம்பதில் அவை கிடைப்பதில்லை. கவனம் முழுவதும் சாலையின் அடுத்த முந்நூறு மீட்டரில் குவிந்திருக்கும். மாறுகிறவர் இழப்பது இது. இழப்பே இல்லை என்று சொல்லும் ஸ்போர்ட் டூரர் பக்தர்களை நாம் நம்புவதில்லை.

ஈடாகக் கிடைப்பதை ஜான் பெர்ஜரிடம் காணலாம். முதுமையிலும் மோட்டார் சைக்கிளை விடாத அவர் 1995-இல் எழுதிய 'திருமணத்துக்கு' நாவலில், ஒரு தந்தை நோயுற்ற மகளின் மணவிழாவுக்காக ஆல்ப்ஸைக் கடந்து இத்தாலியின் போ ஆற்று முகத்துவாரம் வரை மோட்டார் சைக்கிளில் போகிறார். அது காட்சிக்கான சவாரி அன்று. பார்வை எங்கே போகிறதோ அங்கே வண்டி போகும் என்ற ஓட்டிகளின் பழைய பாடம், அந்த நாவலில் துயரத்தைத் தாங்கும் முறையாகவே ஆகிவிடுகிறது. சாய்வு நாற்காலியில் அமர்ந்து அந்த மலையைக் கடக்கும் ஒருவரை நம்மால் கற்பனை செய்ய முடியவில்லை.

*

நம் ஊர்க் கதை சிறியது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் தொடங்கிய கூட்டு முயற்சியில் திருவொற்றியூரில் உருவான புல்லட், க்ரூசரும் அல்ல, ஸ்போர்ட் டூரரும் அல்ல. இரண்டும் பிரிவதற்கு முந்தைய ஆங்கிலேய நிமிர்வு. நெடுங்காலம் அதன் கியர் வலக்காலிலும் பிரேக் இடக்காலிலும் இருந்தன. பழைய புல்லட்டிலிருந்து வேறு வண்டிக்கு மாறி, நிற்க வேண்டிய இடத்தில் கியரை மிதித்தவர்கள், உடலின் ஞாபகம் எத்தனை பிடிவாதமானது என்பதை எந்த நூலும் இல்லாமல் அறிவார்கள். 2002-இல் ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்டு என்று க்ரூசர் பக்கம் சாய்ந்தது. 2013-இல் கான்டினென்டல் ஜிடி என்று, ஏஸ் கஃபே நாட்களின் தன் பழைய பெயரை எடுத்து, குனிந்தும் பார்த்தது. ஓசூரில் டிவிஎஸ், பி.எம்.டபிள்யூவுக்காகச் சிறு வண்டிகளைச் செய்து உலகெங்கும் அனுப்பியது. இருக்கையைத் தேர்ந்தெடுக்கும் சிக்கல் இப்போதுதான் நமக்கு வந்திருக்கிறது.

மேலை நாட்டிலோ சிக்கல் வேறு திசையில் நகர்ந்துவிட்டது. ஸ்போர்ட் டூரர்களின் பொற்காலமாகிய 1980களிலும் 90களிலும் கவாசாகி, யமஹா, ஹோண்டா, டுகாட்டி, டிரையம்ப் என எல்லோரும் ஆர்எஸ்-இன் வழியில் வந்தார்கள். பிறகு அவற்றைத் தின்றது மற்றொரு பி.எம்.டபிள்யூ. 1980-இல் பாலைவனத்துக்கும் மண்சாலைக்கும் என்று தொடங்கிய ஜிஎஸ் வரிசை, தார்ச்சாலையிலேயே தூரம் போக விரும்பியவர்களின் முதல் தேர்வாயிற்று. அதன் கைப்பிடி அகலமானது, உயர்ந்தது. நிமிர்ந்து உட்கார வேண்டும். இந்தியனும் ஹார்லியும் சேற்றுக்காகக் கண்டுபிடித்த அதே நெம்புகோல்.

நோவாவின் அநாதைக் கவசத்துக்கும் ஒரு மறுபிறப்பு வாய்த்தது. 2010களில் கலிபோர்னியாவின் இளம் ஹார்லி ஓட்டிகள் எஃப்எக்ஸ்ஆர்டி வண்டிகளைத் தேடித்தேடி வாங்கத் தொடங்கினார்கள். கிடைக்காதவர்கள் அந்தக் கவசத்தின் நகலை வாங்கித் தங்கள் ஹார்லி டைனா வண்டிகளில் பொருத்தினார்கள். நகல் செய்து விற்க ஒரு சிறு தொழிலே கிளம்பியது. ஆனால் கவசத்தைப் பொருத்திய அதே கையோடு, அதற்குப் பின்னால், கைப்பிடியை மார்பு உயரத்துக்கு ஏற்றி வைத்துக்கொண்டார்கள்.